தடயமில்லாத விஷம்

சுகபூமி, விசாரணைச் சிறை
3 நவம்பர் 2017

எந்தின்,

உன்னை ‘நெங்’ என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். நம் பக்கத்தில் எந்த அண்ணனும் தங்கையை அப்படித்தான் கூப்பிடுகிறான். இந்தக் கடிதத்தில் அது வராது. உன் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் நான் ‘மேற்படி நந்தாங் என்பவர்’. ஒரே வயிற்றில் பிறந்தவனுக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறாய்.

மேற்படி நந்தாங் என்பவர் அக்டோபர் 19 மாலை ஐந்தரை மணிக்கு, அனுமதி இல்லாமல், விலாங்குப் பண்ணையின் குஞ்சுக் கொட்டகைக்குள் மூன்றாம் தொட்டி அருகே நின்றார். மறுநாள் காலை கொட்டகையில் இருந்த அறுபது கிலோ விலாங்குக் குஞ்சும் செத்து வெளுத்துக் கிடந்தது. ஆகவே நந்தாங் என்பவர் விஷம் வைத்தார். அதற்கு முந்தின வாரம்தான் உன் முதலாளியின் வாசலில் நின்று, முப்பது பேர் கேட்க, “உங்க தொட்டி நாறிப் போகட்டும்டா” என்று கத்தியும் இருக்கிறார். வேறென்ன வேண்டும்?

என்ன விஷம் என்று மட்டும் அவர்களுக்கே தெரியவில்லை. தண்ணீரை போகோர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. விசாரணை அதிகாரி என் தோளைத் தட்டிச் சொன்னார்: “ஒண்ணுமே கிடைக்கலைன்னா, நீ எவ்வளவு கெட்டிக்காரத்தனமா வெச்சிருக்கே பாரு!” ஆறாம் வகுப்போடு நின்றவனை இவ்வளவு மெச்சியது அவர் ஒருவர்தான். நீ கூட மெச்சியதில்லை.

நான் அங்கே எதற்கு வந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. வாசலில் என்னைப் பார்த்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பண்ணையின் நீலச் சட்டை போட்டவர்கள் கூடை தூக்குகிறவனோடு பேசினால் சட்டை அழுக்காகிவிடும்.

இமாஸுக்கு ஏழாம் மாதம். அனுதாபம் காட்டுகிறேன் என்று என் பெண்டாட்டியைப் போய்ப் பார்த்துவிடாதே.

நந்தாங் என்பவர்


பெலாபுவான் ராத்து, பணியாளர் விடுதி
9 நவம்பர்

அண்ணா,

பார்த்ததைப் பார்த்தேன் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வந்திருந்தால் நானும் உன்னைப் போல ஆற்றுவாயில் குஞ்சு வாங்கி விற்கப் போயிருப்பேன்.

உன்னை உள்ளே வைத்திருப்பது என் வாக்குமூலம் அல்ல. உன் வாய். மீன்சந்தையில் சண்டை, படகுத்துறையில் சண்டை, என் கல்லூரி விழாவில் கூடக் காவலாளியோடு சண்டை. ஊரில் ஏதாவது கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் உன் பக்கம் திரும்புவதற்கு நீ பத்து வருடம் உழைத்திருக்கிறாய். இப்போது கூலி கிடைத்திருக்கிறது.

நீ விஷம் வைத்தாயா என்று எனக்குத் தெரியாது. வைத்திருக்க மாட்டாய் என்று அடித்துச் சொல்ல, உன் நடத்தையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். பாக் திர்தா ‘குடும்ப முறையில்’ முடித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவர் முதலாளி, உனக்காக இவ்வளவு இறங்கி வருவது பெரிய விஷயம். மேலாளர் பாக் கோமார் முத்திரை ஒட்டிய தாளோடு வருவார். செய்தேன், மன்னியுங்கள் என்று நீ எழுதித் தர வேண்டும். அவர் மன்னிப்பார். புகார் வாபஸ். இரண்டு நாளில் வெளியே வந்துவிடலாம். பிற்பாடு நீ மறுத்தால் புகார் மறுபடி உயிர் பெறும் என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான்.

நான் இங்கே தண்ணீர்ப் பிரிவுக்குப் பொறுப்பு. பொறுப்பாளரின் அண்ணனே தொட்டியைக் கெடுத்தான் என்று சாப்பாட்டுக் கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். எனக்காகவும் சேர்த்துக் கையெழுத்துப் போடு.

எந்தின்


சுகபூமி
14 நவம்பர்

எந்தின்,

கோமார் வந்தார். பேனாவும் கொண்டுவந்தார். “தம்பி, மன்னிப்புக் கேக்கறதுல என்ன குறைஞ்சு போகுது?” என்றார். “நீங்க கேட்டுப் பாருங்க, குறையுதான்னு சொல்றேன்” என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நீ கேட்காத கேள்விக்குப் பதில். அன்று காலை நான் கொண்டுவந்த குஞ்சில் பாதியைக் கோமார் “இதெல்லாம் சாகப் போறது” என்று கழித்தார். கழித்ததைத் திருப்பித் தந்தாரா? இல்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆற்றுவாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை வீசியவர்களிடம் போய் நான் என்ன சொல்வது? சாகப் போறது சாகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன்.

பார்த்தேன். மூன்றாம் தொட்டியில் எல்லாம் உயிரோடுதான் இருந்தது. ஆனால் அது குஞ்சு இருக்கிற லட்சணமா? ஆற்றில் விலாங்குக் குஞ்சு தண்ணீரை எதிர்த்துத்தான் வரும், அது அதன் பிறவிக் குணம். உன் தொட்டியில் குழாயிலிருந்து விழும் தண்ணீரை விட்டு ஓடி, எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தது. டிப்ளமா படித்தவர்கள் வளர்த்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொட்டகைக்குள் மூச்சும் விட முடியவில்லை. நாள் முழுக்க மிஷின் ஓடிய ஜெராக்ஸ் கடை மாதிரி காரமாக ஒரு நெடி. கண் எரிந்தது. இதற்குள் எப்படித்தான் வேலை பார்க்கிறாயோ.

கையெழுத்துப் போட மாட்டேன். உன் சாப்பாட்டுக் கூடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

நந்தாங்


பெலாபுவான் ராத்து
18 நவம்பர்

அண்ணா,

வசவு வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

அந்த நெடி கொட்டகைக்கு வெளியே இருந்ததா, உள்ளேயா? தொட்டியின் எந்தப் பக்கம் அதிகம்? குனிந்தபோது கூடியதா? ஜெராக்ஸ் கடை என்று நன்றாக யோசித்துத்தான் எழுதினாயா, இல்லை சும்மா என்னைக் குத்துவதற்காகவா?

எந்தின்


சுகபூமி
22 நவம்பர்

எந்தின்,

உள்ளே. குழாய்ப் பக்கம். குனிந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உன்னைக் குத்த வேண்டுமானால் எனக்கு ஜெராக்ஸ் கடையின் உதவி தேவையில்லை.

நேற்று இமாஸின் தம்பி வந்தான். அவளுக்கு ரத்தம் போகிறதாம். மருத்துவமனையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். “மாமா, அக்கா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கு” என்றான். கோமாரும் நேற்றே வந்தார், பழமும் கிராம்புச் சிகரெட்டும் வாங்கிக்கொண்டு. இமாஸ் படுத்தது எனக்குத் தெரியும் முன்னே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாளை என் பக்கம் தள்ளி, “குழந்தை பொறக்கறப்ப அப்பன் வெளியே இருக்க வேணாமா?” என்றார். இந்தத் தடவை பேனாவை வைத்துவிட்டுப் போனார்.

நீ எதையோ தோண்டுகிறாய் என்று தெரிகிறது. ஏதாவது கிடைத்தால் சீக்கிரம் சொல். நான் கல் இல்லை.

நந்தாங்


பெலாபுவான் ராத்து
27 நவம்பர்

அண்ணா,

நீ விஷம் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஆற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கும். அதைக் கொல்ல நாங்கள் தண்ணீருக்குள் ஓசோன் ஊதுகிறோம். ஓசோனும் ஆக்சிஜன்தான். இரண்டு அணுவாக இருக்க வேண்டியது மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூன்றாவது அணு நிலையில்லாதது. கிருமியோ மீனின் செவுளோ, எது எதிர்ப்பட்டாலும் பாய்ந்து எரித்துவிடும். அதனால் தொட்டிக்குப் போகும் முன் தண்ணீரை ஓர் இரும்பு உருளைக்குள் விடுகிறோம். நடுவில் புற ஊதா விளக்கு. அந்த ஒளி பட்டதும் ஓசோன் மூலக்கூறு உடையும். மூன்றாவது அணு கழன்று, தண்ணீரிலேயே எதையாவது பற்றிக்கொண்டு அடங்கிவிடும். மிச்சம் இருப்பது நாம் மூச்சு விடுகிற சாதாரண ஆக்சிஜன். உருளை ஒழுங்காக இருந்தால் கொட்டகையில் அந்த நெடி வரவே கூடாது. ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வருவதும் இதே ஓசோன்தான்.

விளக்கு நனையாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு குழாய் உண்டு. பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும் குவார்ட்ஸில் செய்தது. அக்டோபர் 12 அன்று துடைக்கும்போது என் கையில் உடைந்தது. புதியது சுரபாயாவிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கோமார், “கண்ணாடிக் குழாய்தானே, இங்கே கிடைக்காதா? பண்ணையை மூடிட்டு உட்காரச் சொல்றியா?” என்றார். சுகபூமியில் நியான் பலகை செய்கிற கடைக்குப் போனேன். அதே நீளம், அதே தடிமன். வாங்கி மாட்டினேன். விளக்கு எரிந்தது. எட்டிப் பார்க்கும் துளையில் நீலம் தெரிந்தது. பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணுக்குத் தெரிகிற அந்த நீலம் ஒரு வேலையும் செய்வதில்லை. ஓசோனை உடைக்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது குவார்ட்ஸைத் தாண்டும். சாதாரணக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிடும். இது முதல் வருடப் பாடம். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கடையில் குழாயைக் கையில் வாங்கியபோது ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை.

ஒரு வாரம் குஞ்சு தாங்கியது, ஓசோன் குறைவாக ஊதியதால். 18ஆம் தேதி மழை. ஆறு கலங்கியது. இரண்டு மடங்கு ஊதச் சொன்னார்கள். அழுக்கு இருக்கும்வரை ஓசோன் அதில் செலவாகும். 19 மதியம் ஆறு தெளிந்துவிட்டது. குமிழைத் திருப்பிக் குறைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கூட. மிஞ்சியதெல்லாம் தொட்டிக்குள் விழுந்தது. அளவுமானி உருளைக்கு முன்னால் இருக்கிறது. உருளையைத் தாண்டிய தண்ணீரை யாரும் அளப்பதில்லை. நீ பார்த்தபோது குஞ்சுகள் அதிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியவள் நான். நான் அப்போது உனக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

போகோரில் ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேட்பாய். ஓசோன் தண்ணீரில் அரை மணி நேரம் கூடத் தங்காது. பாட்டில் வண்டியில் ஏறும் முன்பே அது வெறும் ஆக்சிஜன்.

நேற்று ஞாயிறு. கொட்டகையில் யாரும் இல்லை. புது குவார்ட்ஸ் வந்ததும் கழற்றி சாமான் அறையில் போட்டிருந்த கண்ணாடிக் குழாயை மறுபடி மாட்டினேன். தொட்டிக்குப் போகும் வாயை மூடிவிட்டு, உருளையைத் தாண்டி வந்த தண்ணீரை டம்ளரில் பிடித்து, ஓசோன் இருந்தால் நிறம் மாறும் சோதனைத் துளி விட்டேன். ரோஜா நிறம். குவார்ட்ஸை மாட்டிப் பிடித்தேன். நிறமே இல்லை. மூன்று முறை செய்தேன்.

கோமாரிடம் சொல்லப் போகிறேன். பிறகு போலீஸில். கையெழுத்துப் போடாதே. எதற்காகவும் போடாதே.

எந்தின்


சிதெபுஸ்
6 டிசம்பர்

எந்தின்,

உன் கடிதம் நான் போன பிறகு சிறைக்கு வந்திருக்கிறது. ஒரு காவலர் இரக்கப்பட்டு மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். மேலே தேதி நவம்பர் 27. உறையில் தபால் முத்திரை டிசம்பர் 2. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டது நவம்பர் 30.

விழா நன்றாக நடந்தது. உன் அலுவலகத்தில்தான், நீ இல்லாத நாளாகப் பார்த்து. ஊர்த்தலைவர், போலீஸ், பத்திரிகைக்காரன் ஒருவன். கோமார் எழுதியதை நான் படித்தேன். ‘பொறாமையின் காரணமாக’ என்று ஒரு சொல் இருந்தது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, குலுங்கினேன், அழுகிறேன் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். திர்தா என்னைக் கட்டிப்பிடித்தார். நல்ல வாசனை. ஒரு மூட்டை அரிசியும் பண்ணைப் பெயர் போட்ட பனியனும் கொடுத்தார்கள். இமாஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள், வயிறு பத்திரம். பனியனைத் தரை துடைக்க வைத்திருக்கிறாள்.

ஆற்றுவாயில் யாரும் என் கூடையில் குஞ்சு போடுவதில்லை. “நாங்க நடுங்கிக்கிட்டுப் பிடிச்சதைக் கொன்னவன்தானே நீ” என்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. பண்ணை வாசலில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். கூடையோடு வருகிறவர்கள் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும், உடல் சோதனைக்கு உட்பட வேண்டும். காரணம்: ‘அண்மையில் நடந்த விஷச் சம்பவம்’. நான் ஒருவன் போட்ட கையெழுத்தில் ஆற்றுவாய் முழுக்கத் திருடனாகிவிட்டது.

ஓசோன் பாடம் புரிந்தது. திர்தா, கோமார், நான். மூன்று பேர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. மூன்றாமவனைக் கழற்றிவிட்டால் மிச்ச இரண்டு பேரும் சுத்தமான காற்று. இதைச் சொல்ல இவ்வளவு தாள் வேண்டாம்.

ஐந்து நாள், எந்தின். எங்கே வைத்திருந்தாய்?

நந்தாங்


சிபாடாக்
9 டிசம்பர்

அண்ணா,

என் பையில் வைத்திருந்தேன்.

27ஆம் தேதி மாலை கோமாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். “குழாயை வாங்கினது யாரு? மாட்டினது யாரு? அடுத்த வாரம் விலாங்கு வாங்கற ஜப்பான்காரங்க வர்றாங்க. கருவியில கோளாறுன்னா ஒப்பந்தம் போச்சு, நூத்திருபது பேருக்கு வேலை போச்சு. வெளியாள் கெடுத்தான்னா நம்ம மேல பரிதாபப்படுவாங்க. நல்லா யோசி எந்தின், நீ படிச்ச பொண்ணு” என்றார். நான் யோசித்தேன். படித்த பெண்ணாக ஐந்து நாள் யோசித்தேன். தினமும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் சாப்பிடப் போனேன். பயத்துக்கு வேறு ஏதாவது மரியாதையான பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

30ஆம் தேதி என்னை ஏதோ சாமான் வாங்க என்று சிலாச்சாப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அறிவிப்புப் பலகையில் உன் படம். கடிதத்தை 2ஆம் தேதி போட்டேன். அப்போது அது உனக்கு உதவாது என்று தெரியும். என் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் போட்டேன்.

ஜப்பான்காரர்கள் வந்த அன்று உருளைப் பக்கம் நின்று விளக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயையும் குவார்ட்ஸையும் அவர்கள் கையில் கொடுத்து, நடந்ததை மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டு கோமாரைப் பார்த்தான். அன்று மாலையே வேலை போயிற்று. இப்போது தோழி வீட்டில் இருக்கிறேன்.

அந்தக் கண்ணாடிக் குழாய் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் சோதனைத் துளியையும், இரவல் வாங்கிய ஒரு சின்ன ஓசோன் மிஷினையும் எடுத்துக்கொண்டு உன் விசாரணை அதிகாரியிடம் போனேன். “குத்தவாளியே அழுது மன்னிப்புக் கேட்ட போட்டோ இருக்கு. நீ டம்ளர்ல ரோஸ் தண்ணி காட்டறே. சர்பத் கடை போடப் போறியாம்மா?” என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: எழுதிக் கொடுத்தவனே வந்து அது பொய் என்று எழுதித் தந்தால்தான் கோப்பைத் திறக்க முடியும்.

நீ எழுதித் தந்தால் புகார் உயிர் பெறும், உன்னை மறுபடி உள்ளே வைப்பார்கள். குழந்தைக்கு இன்னும் சில வாரம்தான். ஆகவே நான் கேட்கவில்லை. நடந்ததைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

எந்தின்


சிதெபுஸ்
13 டிசம்பர்

எந்தின்,

‘கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.’ இந்தப் பேச்சைத்தான் அந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்களா? கேட்பதாக இருந்தால் கேள். கேட்டால் நான் திட்டுவேன். திட்டு வாங்கினால் சாக மாட்டாய்.

நேற்று மாக் ஓனி வந்தாள். ஆற்றுவாயில் முப்பது வருடமாக வலை வீசுகிறவள். பண்ணை வாசலில் அவள் இடுப்புச் சாரோங் துணியை உதறிக் காட்டச் சொன்னார்களாம். இரண்டு காவலாளிகள், இருவருக்கும் அவள் மகன் வயசு. “உதறினேன்டா. மடியில வெத்தலைதான் இருந்துச்சு. அதையும் மோந்து பாத்தானுங்க” என்றாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. வெற்றுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “நெசமாவே நீதானாடா?” என்று கேட்டாள்.

தாளில் உள்ள அந்த வரி என் வாயை அடைத்தது. நான் பேசாமல் நின்றதை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாய்தான் என் எதிரி என்று எழுதினாயே. இல்லை. நேற்றுதான் முதல் முறையாக வாயை மூடினேன். இவ்வளவு கேவலமாக நான் இருந்ததே இல்லை.

இமாஸிடம் சொன்னேன். அந்தப் பனியனைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, “புள்ளையை நான்தான் பெக்கணும். நீ வாசல்ல நின்னு சிகரெட் குடிப்பே. அதுக்கு நீ எங்கே இருந்தா என்ன, போ” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இருப்பேன். எழுதித் தந்தது பொய் என்று எழுதித் தருவேன். மாக் ஓனியையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிவருகிறேன். அவர்கள் காது கேட்கச் சொல்வேன். போலீஸ் நம்பாவிட்டால் போகட்டும், ஆற்றுவாய்க்குத் தெரிந்தால் போதும். உள்ளே போட்டால் போகிறேன். போன தடவை செய்யாததற்குப் போனேன். இந்தப் பொய்யை நானே செய்தேன், என் கையெழுத்து இருக்கிறது.

நீயும் வா. குழாயைக் கொண்டு வா, அந்த மிஷினையும் டம்ளரையும். அந்த அதிகாரி சர்பத் என்று சிரித்தால் சிரிக்கட்டும். நீ பாட்டுக்குத் துளியை விடு. பதிவேட்டில் கையெழுத்து உன்னுடையது என்பதையும் நீயே சொல், நான் சொல்லும்படி வைத்துவிடாதே.

ஒன்று மட்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. முத்திரை ஒட்டிய மன்னிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டேன். அந்தச் சாமான் இனி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

நந்தாங்